கூழும் துவையலும்

கூழும் துவையலும்தாங்க டாக்டரய்யா. வேற ஒண்ணும் வயித்துல போகல. உள்ள அந்த நர்ஸம்மா கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். கம்பங்கூழு, தொட்டுக்கத் தேங்காத் துவையல். பத்தரை மணி இருக்கும் சாப்புடுறப்ப.

பேரு சவேரியம்மாள். வயசு முப்பத்தொண்ணு. நான் புருசன், ஞானமுத்து. ரெண்டு மைல் தள்ளி எங்க தெரு. அங்க சின்னதா ஒரு கோயில் இருக்குங்க, ஓட்டுக் கோயில், அதுக்கு நான்தான் உபதேசியார். உபதேசியார்னா உங்களுக்கு எப்படிச் சொல்றது, சாமியார் மாசம் ஒரு தடவை வந்து பூசை வைப்பாரு. மிச்ச இருபத்தொம்பது நாளும் மணி அடிக்கிறது, செபம் சொல்றது, சாவு விழுந்தா கூடவே போறது எல்லாம் நான். சம்பளம்னு சொல்லிக்கிறாப்புல ஒண்ணும் இல்ல. மரியாதை உண்டு.

ஊசி போட்டதுக்கு அப்புறம் இளைப்புச் சத்தம் கொறைஞ்சாப்புல இருக்குங்களா? இங்கேருந்து கேட்டா அப்படித்தான் தெரியுது. வண்டியில வர்றப்ப பலகை அறுக்குற சத்தம் மாதிரி இருந்துச்சு. ஒதடு ரெண்டும் வீங்கி, கண்ணு மூடிப்போயி, இவ நம்ம வூட்டுப் பொம்பளைதானான்னு இருந்துச்சு. அரை மணி பொறுத்துப் பாக்கணும்னு சொன்னீங்க. பாருங்க. நான் இப்படியே நின்னுக்கிறேன்.

இதுக்கு முன்னாடி வந்திருக்கான்னா, வந்திருக்குன்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம். இவ்வளவு மோசமா வந்ததில்ல. நீங்க இப்ப இங்கிலீசுல ஒரு பேரு சொன்னீங்களே, அலர்ஜின்னு, அந்தப் பேரு எனக்குத் தெரியாது. சமாச்சாரம் தெரியும். நம்ம வைத்தியருங்க கரப்பான்னு சொல்லுவாங்க, அதுல ஒரு வகை. ஒருத்தர் உடம்புக்கு முட்டை ஆகாது, ஒருத்தருக்குக் கத்திரிக்கா, ஒருத்தருக்கு நண்டு. நான் படிச்சிருக்கேன். அது பொறவு சொல்றேன்.

டேசனுக்கு மேக்கால ஒரு தகரக் கொட்டாய் இருக்குல்லீங்களா? காத்து இந்தப் பக்கம் அடிச்சா ஆஸ்பத்திரிக்கே வாடை வருமே, அதான். எறாக் கொட்டாய். சண்டை தொடங்குன மறு வருசம் போட்டது. கொள்ளிடத்துலேருந்து ஈரச் சாக்கு மூடி மாட்டு வண்டியில எறா வரும். இருபது இருபத்தஞ்சு பொம்பளைங்க வரிசையா உக்காந்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரிச்சு, முதுகு நரம்பை உருவிப் போடுவாங்க. பக்கத்துலயே பெரிய அண்டாவுல உப்புத் தண்ணி கொதிக்கும். வேக வச்சு, காய வச்சு, பட்டாளத்துக்கு ரயில்ல போவுது. வெயிலுக்கும் மழைக்கும் அந்தத் தகரத்துக்கு அடியிலதான். ஆவி வெளிய போக வழியே கெடையாது. எறாவுக்குத் தலையில கொம்பு இருக்கு பாருங்க, அது விரல்ல ஏறிக்கிட்டே இருக்கும். நூறு குத்து வாங்காத விரல் அந்தக் கொட்டாயில இல்ல.

இவ அதுல கெட்டிக்காரி. பொறந்த ஊரு திருமானூர்ப் பக்கம், ஆத்தங்கரை. பன்னண்டு வயசுலேருந்து எறா உரிக்கிறா. அவ உரிக்கிறதைப் பாத்தீங்கன்னா, எறா தானாச் சட்டையைக் கழட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கும்.

அரிப்பு ஆரம்பிச்சு மூணு வருசம் ஆவுது. மொதல்ல விரல் இடுக்கு. அப்புறம் மணிக்கட்டு வரைக்கும் தடிப்புத் தடிப்பா. அப்புறம் மூக்கு. ஒழுகும், அடைக்கும், பூசையில தும்ம ஆரம்பிச்சான்னா நற்கருணை தூக்குறப்பக்கூட நிக்காது. கடைசியில மூக்கு வாசனையே தெரியாம போயிடுச்சு. மல்லிகைப்பூவும் ஒண்ணுதான் மாட்டுச் சாணமும் ஒண்ணுதான். அண்டாவுக்குப் பக்கத்துல உக்காந்தா நெஞ்சைப் பிடிக்குதும்பா. வூட்டுல எறாக் கொழம்பு வச்சா நாக்கு அரிக்குதும்பா. மொளகா மட்டம்னு என்னைத் திட்டுவா, வாங்கியாந்தது நான்தானே.

இதுல ஒண்ணு கவனிக்கணும் நீங்க. ஞாயித்துக்கிழமை காலையிலேருந்து கொறைய ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆனா கை தெளிஞ்சுரும், மூச்சு லேசாயிரும். திங்கக்கிழமை மத்தியானத்துக்குத் திரும்பவும் வந்துரும். எங்க தெருப் பொம்பளைங்க, ஆண்டவருடைய நாள்ல நோவு அடங்கியிருக்குன்னாங்க. ஆண்டவருடைய நாள்ல கொட்டாய் பூட்டியிருக்குன்னு நான் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல.

இங்க கூட்டியாந்திருக்கலாம். தெரியுதுங்க. கேக்குறது நியாயம்தான். ஆனா அதுக்குள்ள கொட்டாயில வேற பேச்சு கெளம்பிடுச்சு. பெருவியாதின்னு, குஷ்டம்னு. ஆண்டாயின்னு ஒருத்தி, இவளுக்குப் பக்கத்துலயே உக்காந்து உரிக்கிறவ. நல்ல பொம்பளைதான், இவளுக்குப் பேன் பாத்துவிட்டவ. அவதான் மொதல்ல ஒரு முழம் தள்ளி உக்காந்தா. மறுநா குடிதண்ணிக்குத் தனிக் கொட்டாங்கச்சி வச்சாங்க. அப்புறம் மேஸ்திரி குருநாதன் கூப்பிட்டு, கை நல்லா ஆனதும் வாம்மான்னு அனுப்பிட்டாரு. மரியாதையாத்தான் அனுப்புனாரு. அப்ப இங்க கூட்டியாந்து, நீங்களும் பாத்துட்டு ஆமாம் அதுதான்னு சொல்லியிருந்தீங்கன்னா நாங்க எங்க போறது? தெரியாம இருக்கிற வரைக்கும் வூட்டுல படுத்துக்கலாம்ல.

கோயில்லயும் அப்படித்தான். வாசல்ல தீர்த்தத் தொட்டி இருக்கும், விரலை நனைச்சுச் சிலுவை போட்டுக்கிட்டு உள்ள வருவோம். இவ விரலை வச்சதுக்கு அப்புறம் ஒருத்தரும் வைக்கிறதில்ல. சனங்க மொகத்தைப் பாத்துட்டு நானே அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற ஊத்துவேன். எல்லாரும் பாக்குறாப்புலதான். உபதேசியார் பாரபட்சம் பாக்குறாருன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க. அவ முன்வரிசையில உக்காந்து, தொட்டியில தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்பா. திரும்பிப் பாக்க மாட்டா.

நர்ஸம்மா உள்ள போறாங்க. ஒண்ணும் இல்லீங்களே? சரிங்க. சொல்றேன், சொல்றேன். இன்னிக்குச் சாப்பாட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். இது தெரிஞ்சாத்தான் அது வெளங்கும்.

மாசியில எங்களுக்குத் தபசு காலம் ஆரம்பிச்சுதுங்க. சேசு உயிர்த்தெழுந்த பாஸ்காப் பண்டிகைக்கு முன்னாடி நாப்பது நாளு. கறி தின்ன மாட்டோம். மீனு, எறா எல்லாம் ஆகும், அது மாமிசத்துல சேத்தி இல்ல. சொல்லப்போனா அந்த நாப்பது நாளும் எங்க தெருவுல மீன் வாடைதான். இவ என்ன பண்ணா, எல்லாரும் கறியை விடுறாங்க, நான் மீனையும் விடுறேன்னா. மீனு, நண்டு, எறா, கருவாடு ஒண்ணையும் வாயில வைக்க மாட்டேன், என் கை ஆறணும்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டா. ஏலாக்குறிச்சி மாதா கோயில் மண்ணு கொஞ்சம் வாங்கியாந்து தெனம் கொழைச்சுப் பூசிக்கிட்டா. கொட்டாய்க்கும் போகல. போகத்தான் விடலையே.

உங்களுக்குப் புரிஞ்சிருச்சு, சிரிக்கிறீங்க. எனக்கும் புரிஞ்சுது. மூணாவது வாரம் கை வழவழன்னு ஆயிடுச்சு. நெஞ்சு இளைப்பு போச்சு. மூக்கு ஒழுகுறது நின்னுச்சு, வாசனை மட்டும் திரும்பல. புதுமையில அது ஒண்ணு விட்டுப்போச்சு.

புதுமைன்னா எங்க பாஷையில தேவ அற்புதம். தெருவே கூடிருச்சுங்க. ஆண்டாயி ஓடியாந்து இவ கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறா. எந்தக் கையை? ஒரு முழம் தள்ளி உக்காந்தாளே, அந்தக் கையை. தொட்டியில இவ விரல் வச்ச தண்ணியைத் தொட்டுப் பிள்ளைங்க நெத்தியில பூசுறாங்க. நான் கொட்டப் போனா வேண்டாம்னு தடுக்குறாங்க. குருநாதன் மேஸ்திரி ஆளு விட்டுட்டாரு, பாஸ்கா முடிஞ்சு ஒரு வாரம் போகட்டும், திங்கக்கிழமை வந்துரட்டும், அன்னிக்கு வர்ற எறாவுல மொதல் கூடை சவேரியம்மா கைதான்னு. வர்ற திங்கக்கிழமைதாங்க. இன்னும் மூணு நாளு.

அவளுக்கு இருந்த சந்தோசத்தை நீங்க பாக்கணும். நோவு போனதுக்குக்கூட இல்ல. வரிசையில திரும்ப உக்காரப் போறாள்ல, அதுக்கு.

எனக்குத்தான் தூக்கம் போச்சு. சாமியார் பங்களாவுல பழைய அலமாரி ஒண்ணு இருக்குங்க. கரையான் தின்ன மிச்சம் கொஞ்சம் புஸ்தகம். சரித்திரம், பூகோளம், சோசியம்கூட ஒண்ணு இருக்கு, அது எப்படி அங்க வந்துச்சோ. எல்லாத்தையும் படிச்சிருக்கேன். கண்ணுல பட்டதைப் படிக்கிறது ஒரு வியாதி, அதுக்கு ஊசி இல்ல. அதுல வைத்தியப் புஸ்தகம் ஒண்ணு, இங்கிலீசுலேருந்து தமிழ்ல போட்டது. அதுல எழுதியிருக்கு. ஒரு பண்டத்தைத் தொட்டுத் தொட்டு, அதோட ஆவியை மோந்து மோந்து, பல வருசம் கழிச்சு உடம்பு அதைப் பகையா நெனைக்கத் தொடங்குமாம். பகைன்னு ஆயிட்டா மறக்காதாம். வெலக்கி வச்சா நோவு அடங்குமாம். திரும்பக் குடுத்தா திரும்ப வருமாம். அப்படி வந்தா அதுதான் ருசு, சந்தேகமே வேண்டாம்னு போட்டிருக்கு. அதோட அந்தப் பக்கம் முடியுது. அடுத்த நாலு பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சு.

அவகிட்ட வாசிச்சுக் காட்டினேன். உலையை எறக்கிக்கிட்டே கேட்டா. கேட்டுட்டுச் சொல்றா, ஏங்க, பன்னண்டு வயசுலேருந்து நான் உரிச்ச எறா, இத்தன வருசம் சும்மா இருந்துட்டு இப்பப் புதுசாக் கடிக்குதாக்கும்னு. அப்படித்தான் எழுதியிருக்கு, நாள் ஆக ஆகத்தான் ஒத்துக்காம போகும்னேன். அப்படின்னா இந்தப் புஸ்தகம் எறாவைப் பத்தி எழுதல, புருசனைப் பத்தி எழுதியிருக்குன்னா. அவ பள்ளிக்கூடம் போனவ இல்லீங்க. வாயில அவளை ஜெயிக்க முடியாது.

நான் விடல. திங்கக்கிழமை கொட்டாய்க்குப் போனா, நோவு திரும்ப வரும், இந்தத் தடவை நெஞ்சுல வரும்னு சொல்லிப் பாத்தேன். ஒரு நாள் அண்டாப் பக்கத்துல மூச்சு நின்னுரும்டின்னு சொன்னேன். உபதேசியாரே இப்படிப் பேசலாமா, மாதா சொகம் குடுத்ததை எறாவைச் சாப்புடாததாலன்னு சொல்லலாமான்னு அவ அழுதா. ஆண்டாயி வந்து எனக்குப் புத்தி சொன்னா. அவ கும்புடுறது மதுரைவீரனை. மாதா மேல எனக்கு இருக்கிற நம்பிக்கைகூட உங்களுக்கு இல்லியேன்னு கேட்டுட்டுப் போனா.

அதுக்கு மேல சாமியார். பாஸ்காவுக்கு வந்தவரு கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஞானமுத்து, உனக்கு நல்ல எழுத்து, நடந்ததை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு வை, அடுத்த தடவை பூசையில வாசிக்கிறேன்னாரு. மூணு தடவை எடுத்து உக்காந்தேன். எழுதவே வரல. புதுமை நடக்காதுன்னு நான் சொல்ல வரலீங்க, நடக்கும். ஆனா இது அது இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிக் கையெழுத்துப் போடுறது? போடலன்னா என் பொஞ்சாதி பொய் சொல்றான்னு ஆயிரும். போட்டா, திங்கக்கிழமை அவ அந்த அண்டாவுக்குப் பக்கத்துல போயி உக்காருவா. இதுல நான் எந்தப் பக்கம் போறது, நீங்களே சொல்லுங்க.

இன்னிக்குங்க. ஆமா, இன்னிக்கு. புதன்கிழமை தெருப் பொம்பளைங்களோட வண்டி கட்டி ஏலாக்குறிச்சி போனா, நன்றி சொல்றதுக்கு. அதை முடிக்கிற வரைக்கும் மீனு, எறா தொடல. இன்னிக்குக் காலையில பத்து மணிக்கு வந்து எறங்குனா. வெறும் வயிறு. நேத்தே கூழு காய்ச்சிக் கரைச்சு வச்சிட்டேன். துவையலும் நானே அரைச்சேன். எனக்கு அம்மியே ஓட்டத் தெரியாது, தேங்கா பாதி தரையில கெடக்கு. பாத்துட்டு நின்ன எடத்துலயே சிரிக்கிறா. வாசல்ல போயி வண்டிக்காரரைப் பாத்து, முத்துசாமி அண்ணே வந்து பாருங்க, உபதேசியார் துவையல் அரைச்சிருக்காரு, இதையும் சேத்து எழுதச் சொல்லணும் சாமியார்கிட்ட, இது ரெண்டாவது புதுமைன்னு கூப்பாடு போடுறா. பதிமூணு வருசத்துல நான் அடுப்படிப் பக்கம் போனது அதான் மொத தடவை.

நல்லாச் சாப்புட்டா. நல்லா இருக்குங்க, ஒறப்பு தூக்கலா இருக்கு, பூண்டு ஜாஸ்தி போட்டீங்களான்னு கேட்டா. வாசனை தெரியாது, ஒறப்பு தெரியும். இன்னும் கொஞ்சம் வையிங்கன்னு தட்டை நீட்டுனா. போதும்னு சொன்னேன். புருசன் மொத மொதலா அரைச்சிருக்காரு, அதுல கஞ்சத்தனமான்னு அவளே வழிச்சுப் போட்டுக்கிட்டா.

எவ்வளவு நேரத்துலன்னா, கை கழுவி வந்து உக்காந்தா. வெத்தலைக்குக் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்தா. நாக்கு என்னமோ பண்ணுதுன்னா. நான் அவ ஒதட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டா. கொரல் மாறிடுச்சு. கழுத்து, மார்பு எல்லாம் தட்டுத் தட்டாச் செவந்து வருது. ஒரு நாழிகைகூட ஆகல. முத்துசாமி வண்டியை அவுக்காம இருந்தது நல்லதாப் போச்சு.

வண்டியில என்ன பேசுனாள்னா கேக்குறீங்க? பேச்சு எங்க வந்துச்சு, ஒவ்வொரு சொல்லா வந்துச்சு. கோயில்ல ரெண்டு மெழுகுவத்தி ஏத்துறதா நேந்திருந்தாளாம், கூட்டத்துல ஒண்ணுதான் ஏத்துனாளாம். அதுக்குத்தான் மாதா குடுத்த சொகத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்களாங்கன்னு கேட்டா. அய்யா, நான் உபதேசியார். மூச்சுப் போற கட்டத்துல ஒருத்தர் இருந்தா மனஸ்தாப மந்திரம் சொல்லிக் குடுக்கணும், பாவத்துக்கு வருத்தப்படுற மந்திரம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். வாய் தானா ஆரம்பிச்சுருச்சு. நான் ஒரு வரி சொல்ல, அவ சொல்ல முடியாம ஒதட்டை மட்டும் அசைச்சு, அந்த ஒரு மெழுகுவத்திக்காக மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தா. டேசன் கேட்டு மூடிக் கெடந்துச்சு, கூட்ஸு ஒண்ணு போய்க்கிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது. அங்க நின்னுக்கிட்டு ரெண்டாவது தடவையும் சொன்னோம்.

நர்ஸம்மா என்ன சொல்றாங்க? கண்ணு தெறந்திருக்காளா. கேக்குறாளா, என்னையா? வரேன்னு சொல்லுங்கம்மா. இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்.

துவையல்ல தேங்கா, வரமொளகா, பூண்டு, புளி, உப்பு. அப்புறம் காஞ்ச எறா. தபசு காலத்துக்கு முன்னாடி வாங்குனது அடுக்குப்பானையில கொஞ்சம் கெடந்துச்சு, அதுல ஒண்ணே ஒண்ணு, சுண்டுவிரல் நகம் அளவு. சுட்டு, நுணுக்கி, நான்தாங்க சேத்து அரைச்சேன். ஒதடு லேசாத் தடிக்கும், ரெண்டு தட்டு எழும்பும், அவளே கண்ணாடியில பாத்துக்குவா, திங்கக்கிழமை போக மாட்டான்னு நெனச்சேன். புஸ்தகத்துல சொன்னது சரியாத்தான் இருந்துச்சு.

எழுதிக்குங்க. எறான்னு எழுதிக்குங்க டாக்டரய்யா. யாரு குடுத்ததுன்னு போடுறதுக்கு அந்தத் தாள்ல எடம் ஏதாச்சும் இருக்குங்களா?

இல்லீங்களா. சரிங்க, உள்ள போறேன். கூப்புடுறா. டாக்டர் என்ன சொன்னாருன்னு என்னைத்தான் கேப்பா, நான் சொன்னாத்தான் நம்புவா.